வீட்டில் பூஞ்சை வாசம் அடிக்கிறது, பணம் கொடுத்துக் காற்றைச் சோதிக்க வேண்டுமா?

ஹூஸ்டன் அருகே இருபது வருடப் பழைய வீட்டுக்குக் குடிவந்திருப்பதாகவும், ஒரு படுக்கையறையில் மட்டும் பூஞ்சை வாசம் வருவதாகவும், கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். காற்றைச் சோதித்து அறிக்கை தர ஒரு நிறுவனம் 450 டாலர் கேட்கிறது, கொடுக்கலாமா என்பது உங்கள் கேள்வி.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்துத் தருகிற ஆளாக இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். பம்பு ஒன்றைக் கொண்டுவந்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, எண்கள் நிறைந்த காகிதத்தை மின்னஞ்சலில் அனுப்புகிற ஆளாக இருந்தால் வேண்டாம். இந்த வேறுபாடு தெரியாமல் ஒரு கோடைக்காலம் முழுவதும் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

எங்கள் வீடும் ஹூஸ்டனின் மேற்கே, உங்கள் வீட்டின் வயதுதான். மகளுக்கு அப்போது ஆறு வயது. ஜூன் மாதத்திலிருந்தே இரவில் இருமல், சில நாள் இழுப்பு. மருத்துவர் ஒவ்வாமை என்று சொல்லி உறிஞ்சும் மருந்து கொடுத்தார். மகரந்தம், தூசு என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தோம். வாசம் எங்கள் மூக்குக்குப் பழகிப்போயிருந்தது. ஆகஸ்டில் ஊரிலிருந்து வந்த அம்மாதான் முதல் நாள் இரவே மகளின் அறையில் நின்று, "இங்கே நனைந்த கோணிச் சாக்கு வாசம் வருகிறது, உங்களுக்குத் தெரியவில்லையா?" என்று கேட்டார். தஞ்சைப் பக்கம் நெல் மூட்டைகளோடு வளர்ந்தவர். ஐப்பசி மழையில் ஓதம் ஏறிய சுவரோரம் மூட்டை வைத்தால் என்ன வாசம் வரும் என்று அவருக்குத் தெரியும். அந்த அறையின் துணி அலமாரிக்குள் தலையை நுழைத்து, "இந்த மூலையில்தான்" என்று கையை வைத்துக் காட்டினார். பிறகு நடந்ததை எல்லாம் பார்க்கும்போது, எங்கள் வீட்டில் நடந்த பரிசோதனைகளிலேயே மிகச் சரியானது அதுதான்.

நாங்கள் அம்மாவின் மூக்கை விட்டுவிட்டு இணையத்தில் தேடி ஒரு நிறுவனத்தை அழைத்தோம். வந்தவர் அறையின் நடுவில் முக்காலி போல ஒன்றை நிறுத்தி, அதன் மேல் சிறிய பிளாஸ்டிக் பெட்டியைப் பொருத்தி, பம்பை இயக்கினார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. நான்காம் நாள் அறிக்கை வந்தது. அதில் ஸ்டாக்கிபாட்ரிஸ் என்ற பெயர் சிவப்பு எழுத்தில் இருந்தது, பக்கத்தில் 27 என்ற எண். தொலைபேசியில் அவர், "இதுதான் நச்சுக் கரும்பூஞ்சை, குழந்தையை இன்றே அந்த அறையிலிருந்து வெளியேற்றுங்கள்" என்றார். சுத்தம் செய்ய 6,800 டாலர் ஆகும் என்று ஒரு நிறுவனத்தின் பெயரையும் கொடுத்தார். அன்று இரவு நானும் மனைவியும் தூங்கவில்லை. மறுநாள் மனைவி அந்த நிறுவனத்தைத் தேடிப் பார்த்தபோது, அதன் முகவரியும் பரிசோதித்தவரின் முகவரியும் ஒன்றாக இருந்தன.

அந்த 27 என்ன என்பதை விளக்குகிறேன், ஏனென்றால் உங்கள் அறிக்கையிலும் இப்படி ஓர் எண் வரக்கூடும். பம்பு நிமிடத்துக்கு 15 லிட்டர் காற்றை இழுக்கிறது. ஐந்து நிமிடத்தில் 75 லிட்டர். காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்துகள் பெட்டிக்குள் இருக்கும் பசையில் ஒட்டிக்கொள்கின்றன. ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். ஆனால் அறிக்கையில் எழுதுவது ஒரு கன மீட்டருக்கான கணக்கு. ஒரு கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர். ஆகவே கண்ணால் பார்த்தது ஒரே ஒரு வித்து என்றால் காகிதத்தில் அது 13 ஆகிவிடும். இரண்டைப் பார்த்தால் 27. எங்களைத் தூங்கவிடாமல் செய்தது இரண்டு வித்துகள்.

இரண்டுதானே என்று ஒதுக்கிவிடவும் கூடாது. ஸ்டாக்கிபாட்ரிஸ் ஈரத்தில் ஊறிய காகிதம், அட்டை, மரநார் போன்றவற்றில் வளர்வது. இங்கே வீட்டுச் சுவர் என்பது ஜிப்சம் பலகையின் இரு பக்கமும் காகிதம் ஒட்டியதுதான், அதற்குப் பிடித்த உணவு. அதன் வித்துகள் பிசுபிசுப்பானவை, எளிதில் காற்றில் பறப்பதில்லை. வீட்டுக்குள் இரண்டு கிடைத்தாலும், எங்கோ ஏதோ நெடுநாள் நனைந்துகிடக்கிறது என்பதற்கு அது ஒரு துப்பு. துப்பைத் துப்பாகச் சொல்லாமல் தீர்ப்பாகச் சொன்னதில்தான் எனக்குக் கோபம்.

இன்னொரு பெரிய குறை, முதலில் வந்த அந்தப் பரிசோதகர் வெளிக்காற்றின் மாதிரியை எடுக்கவே இல்லை. பூஞ்சை வித்து இல்லாத காற்று இந்த ஊரில் கிடையாது. வெளியே எவ்வளவு இருக்கிறது, வீட்டுக்குள் வேறு அறையில் எவ்வளவு, சந்தேகப்படும் அறையில் எவ்வளவு என்று அதே நாளில் ஒப்பிட்டால்தான் எண்ணுக்கு ஒரு பொருள் வரும். இவ்வளவுக்கு மேல் போனால் ஆபத்து என்று அமெரிக்கக் கூட்டரசு எந்த வரம்பும் வகுக்கவில்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. பூஞ்சை கண்ணுக்குத் தெரிந்தால் பெரும்பாலும் மாதிரி எடுக்கத் தேவையே இல்லை என்பதும் அவர்கள் அறிவுரைதான். ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் இரண்டின் வித்துகளையும் நுண்ணோக்கியில் பார்த்துப் பிரிக்க முடியாது என்பதால் அறிக்கையில் சேர்த்தே ஒரு வரியில் போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு வலையில் தேடிப் பயப்படாதீர்கள்.

இரண்டாவதாக வந்தவர் டெக்சாஸ் உரிமம் பெற்ற பூஞ்சை மதிப்பீட்டு ஆலோசகர். அறுபது வயதைத் தாண்டியவர். முதல் ஒரு மணி நேரம் அவர் பம்பைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. எப்போது இருமல் அதிகம், எந்த மாதம் வாசம் தொடங்கியது, எப்போதாவது நீர் கசிந்ததா என்று கேட்டார். பிறகு வீட்டை வெளியே சுற்றி வந்தார். மகளின் அறைச் சன்னலுக்கு மேலே, கூரை ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளைக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் காட்டி, "இதிலிருந்து நீர் சொட்டுமா?" என்றார். சொட்டும், ஜூன் முதலே சொட்டுகிறது, ஏ.சி. ஓடினால் சொட்டத்தானே செய்யும் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு நேராக அட்டிக்குக்கு ஏறினார்.

ஹூஸ்டன் வீடுகளில் பெரும்பாலும் ஏ.சி.யின் உட்பகுதி கூரைக்கு அடியில் அட்டிக்கில்தான் இருக்கும். கோடையில் அது நாள் முழுவதும் காற்றிலிருந்து நீரைப் பிழிந்துகொண்டே இருக்கிறது. அந்த நீர் ஒரு குழாய் வழியாகச் சுவருக்குள் இறங்கிக் குளியலறைத் தொட்டியின் கழிவுக்குழாயில் சேரும். குழாயில் பாசி படிந்து அடைத்துக்கொண்டால், நீர் கீழே இருக்கும் தட்டில் நிறைந்து இரண்டாவது குழாய் வழியாக வெளியே விழும். அந்த இரண்டாவது குழாயைச் சன்னலுக்கு மேலே வைப்பதே வீட்டுக்காரர் கண்ணில் படட்டும் என்றுதான். அது சொட்டுகிறது என்றால் முதல் குழாய் அடைத்துவிட்டது என்று பொருள். வீடு இரண்டு மாதங்களாக எங்களிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அந்த மொழி தெரியவில்லை.

அடைத்த குழாய்க்குள் தேங்கிய நீர், துணி அலமாரிக்குப் பின்னால் சுவருக்குள் இருந்த ஓர் இணைப்பில் கசிந்துகொண்டிருந்தது. அகச்சிவப்புக் கேமராவில் அந்த மூலை நீலமாகத் தெரிந்தது. அதோடு அவர் நிற்கவில்லை. கேமரா காட்டுவது குளிர்ச்சியை மட்டும்தான், ஈரத்தை அல்ல, ஏ.சி. காற்று கசிந்தாலும் இப்படித்தான் தெரியும் என்று சொல்லி, ஈரமானியின் இரண்டு ஊசிகளைச் சுவரடி மரத்தில் குத்தினார். பக்கத்து அறையில் 11 விழுக்காடு காட்டிய கருவி அங்கே 26 காட்டியது. உள்ளங்கை அளவுக்குச் சுவரை வெட்டியபோது பலகையின் பின்பக்கக் காகிதம் முழுவதும் கறுப்பு. அம்மா கை வைத்துக் காட்டிய இடத்துக்கு ஓர் அடி கீழே.

"இதற்குக் காற்று மாதிரி எதற்கு? கண்ணால் பார்த்தாயிற்றே" என்று சொல்லிப் பம்பைக் கடைசிவரை எடுக்காமலே கிளம்பினார். சுத்தம் செய்பவர் பின்பற்ற வேண்டிய திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 475 டாலர். மனமாரக் கொடுத்தேன்.

டெக்சாஸ் சட்டத்தில் நீங்கள் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரே வீட்டு வேலையில் மதிப்பிடுபவரும் சுத்தம் செய்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. தொடர்ச்சியாக 25 சதுர அடிக்கு மேல் பூஞ்சை பிடித்திருந்தால் அகற்றுபவருக்கும் உரிமம் வேண்டும். உரிமம் உண்மையா என்று மாநிலத்தின் உரிமத் துறைத் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். வேலை முடிந்த பிறகு ஆலோசகர் திரும்ப வந்து சரிபார்த்து, பூஞ்சைச் சேதம் சரிசெய்யப்பட்டது என்ற சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள், காப்பீட்டுக்கும் வீட்டை விற்கும்போதும் தேவைப்படும். நியூயார்க்கிலும் 2016 முதல் இதேபோல் சோதிப்பவரையும் சுத்தம் செய்பவரையும் பிரிக்கும் சட்டம் இருக்கிறது. இப்படிச் சட்டம் இல்லாத மாநிலங்களும் நிறைய உண்டு. அங்கே இருப்பவர்கள் இந்த விதியைத் தாங்களே போட்டுக்கொள்வது நல்லது.

அகற்றும் வேலையைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. அறையைத் தடித்த பிளாஸ்டிக் தாளால் மறைத்து, காற்று வீட்டுக்குள் பரவாமல் வெளியே போகும்படி விசிறி வைத்து, கெட்ட பலகையை வெட்டி எடுத்தார்கள். மரத்தைத் தேய்த்து, நுண்தூசியையும் பிடிக்கும் உறிஞ்சியால் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிட்டார்கள். பிளீச்சிங் திரவம் தெளித்தால் போதும், மருந்துப் புகை போட்டால் போதும், ஓசோன் கருவி வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைக் கிளப்பும். அதை வீட்டைவிட்டு வெளியேற்றுவது ஒன்றுதான் வழி.

கரும்பூஞ்சைப் பயம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டிலும் குழந்தை இருக்கக்கூடும். 1993, 94 ஆண்டுகளில் கிளீவ்லாந்து நகரில் பல கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் இரத்தக்கசிவு ஏற்பட்டது. அப்போது ஸ்டாக்கிபாட்ரிஸ்மீது பழி விழுந்தது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்த ஆய்வுகளை மறுபரிசீலனை செய்து, தொடர்பு நிறுவப்படவில்லை என்று அறிவித்தது. பயம் மட்டும் நிலைத்துவிட்டது. உறுதியாகத் தெரிந்த தீங்குகள் வேறு. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் இருமல், மூக்கடைப்பு, இழுப்பு, ஆஸ்துமா முற்றுவது ஆகியவற்றுக்கு நல்ல ஆதாரம் இருப்பதாக அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற அறிவியல் ஆலோசனை அமைப்பு 2004-இல் சொன்னது. உலக சுகாதார அமைப்பும் 2009-இல் அதையே சொன்னது. பூஞ்சை கறுப்பா, பச்சையா, வெள்ளையா என்பதால் செய்ய வேண்டிய வேலை மாறப்போவதில்லை. இழுப்பு இருக்கும் குழந்தையை அந்த அறையில் படுக்கவைக்காதீர்கள், மருந்தை நிறுத்தாதீர்கள்.

அப்படியானால் ஆய்வகப் பரிசோதனையே வீணா என்றால், இல்லை. அகற்றிய பிறகு அறை உண்மையிலேயே சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க அது உதவும். வீட்டை வாடகைக்கு விட்ட உரிமையாளர் மறுத்துப் பேசும்போது எழுத்தில் ஓர் ஆதாரம் வேண்டும் என்றாலும் உதவும். வீட்டில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவரோ உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவரோ இருந்தால் மருத்துவரே கேட்கலாம். ஆனால் கடையில் விற்கும், தட்டைத் திறந்துவைத்து முளைக்கிறதா என்று பார்க்கும் பெட்டிக்குப் பணம் செலவழிக்காதீர்கள். எந்த வீட்டில் வைத்தாலும் அதில் பூஞ்சை முளைக்கும். தரைத் தூசியில் மரபணுவைப் பார்த்து 36 இனங்களைக் கணக்கிட்டு மதிப்பெண் போடும் பரிசோதனை ஒன்றும் உண்டு. ஆராய்ச்சிக்காக உருவானது அது, அந்த மதிப்பெண்ணை நம்பிச் சுவரை இடிக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் அக்டோபரில் வேலை முடிந்தது. மகள் தீபாவளிக்கு முன்பே தன் அறைக்குத் திரும்பிவிட்டாள். இரவு இருமல் நின்றது. மகரந்தக் காலத்தில் இப்போதும் தும்முகிறாள், அது வேறு. ஏ.சி.யின் நீர் இறங்கும் குழாயில் மாதம் ஒருமுறை ஒரு கோப்பை வினிகர் ஊற்றுகிறேன். தட்டில் நீர் ஏறினால் ஏ.சி.யைத் தானே நிறுத்தும் மிதவை சுவிட்ச் ஒன்றைப் பொருத்திக்கொண்டோம். ஏ.சி.யின் விசிறியை எப்போதும் ஓடும்படி வைத்திருந்ததை மாற்றினோம். குளிர்விப்பு நின்ற பிறகும் விசிறி ஓடினால், ஏ.சி.க்குள் காற்றைக் குளிர்விக்கும் சுருளில் ஒட்டியிருக்கும் நீரை மறுபடி வீட்டுக்குள்ளேயே ஊதிவிடும். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று மகளின் மேசையில் இருக்கிறது. 60 விழுக்காட்டைத் தாண்டினால் அவளே ஓடிவந்து சொல்வாள்.

நீங்கள் அந்த நிறுவனத்துக்குப் பதில் சொல்வதற்கு முன் இன்று மாலை ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போது வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். வாசம் வரும் அறைச் சன்னலுக்கு மேலே குழாய் ஏதாவது சொட்டுகிறதா, அட்டிக்கில் தட்டில் நீர் நிற்கிறதா, அந்த அறைச் சுவருக்கு மறுபுறம் குளியலறை இருக்கிறதா என்று பார்த்து இங்கேயே எழுதுங்கள். படமும் போட்டால் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.