பணிப்பெண்ணின் அறை எந்தப் பக்கம்?

கேள்வி: நான் கட்டடக்கலை மாணவி. நவீனபாணி வரைபடங்களில் அலங்காரம் இல்லை, ஆடம்பரம் இல்லை, வெறும் கோடுகள்தான். அவற்றிலும் சமூக ஏற்றத்தாழ்வைத் தேடுவது வேண்டாத வேலை இல்லையா?

பதில்: முகப்புத் தோற்றத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பிளானை எடுத்து விரியுங்கள்.

நவீனபாணியின் முன்னோடிக் கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே 1928 முதல் 1931 வரை பாரிஸுக்கு அருகே புவாசியில் கட்டிய வில்லா சவாய் என்ற வீட்டைப் பாருங்கள். எல்லாரும் சொக்கிப்போவது தூண்கள்மேல் மிதக்கும் அந்த வெள்ளைப் பெட்டியில். தரைத்தளத்துக் கண்ணாடிச் சுவர் ஏன் வளைகிறது? வீட்டுக்காரரின் கார் திரும்புவதற்காக! ஓட்டுநர் அறை, பணிப்பெண் அறை, துணி வெளுக்கும் இடம் எல்லாம் இந்தத் தளத்தில், கார் ஷெட்டுக்குப் பக்கத்தில். குடும்பம் வாழ்வது மேலே, திறந்தவெளித் தோட்டத்தோடு. கீழ்ச்சுவர்களுக்குப் பச்சை வண்ணம் பூசினார்கள். அவை மரம் செடிகளோடு கலந்துவிட, வெள்ளைப் பெட்டி மட்டும் கண்ணில் படும். பிளானில் முதலாளி அறைச் சுவருக்கும் பணிப்பெண் அறைச் சுவருக்கும் ஒரே மாதிரிக் கோடுதான். நீங்கள் ஏமாந்தது அங்கேதான்.

வரைபடத்தில் நிற்கும் மனிதனையும் விடாதீர்கள். மனித உடலை வைத்துக் கட்டட அளவுகளை வகுக்க கார்பூசியே உருவாக்கிய முறை 'மாடுலர்'. அந்த மனிதனின் உயரம் முதலில் 1.75 மீட்டர். பிறகு 1.83, அதாவது ஆறடி ஆனது. ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் வாட்டசாட்டமான போலீஸ்காரர்கள் ஆறடி இருப்பார்களாம். அவர் குழுவில் சொல்லப்பட்ட காரணம் அதுதான். சமையலறையில் நிற்கப்போகிறவளின் உயரத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கார்பூசியே தலைமையில் திட்டமிட்ட சண்டிகர் நகரம் இன்னும் வெளிப்படை. அரசு ஊழியர் குடியிருப்புகளை 13 வகையாகப் பிரித்தார்கள். முதல் வகை முதலமைச்சருக்கு, பதின்மூன்றாவது பியூனுக்கு. சம்பளப் பட்டியலையே செங்கல்லில் கட்டிவிட்டார்கள் என்பேன். ஆனால் ஒன்றைச் சொல்லாவிட்டால் அநியாயம்: அந்த வீடுகளை வடிவமைத்த ஜேன் ட்ரூ, மேக்ஸ்வெல் ஃப்ரை, பியேர் ஜானரே மூவரும் கடைநிலை வீடுகளுக்கும் உண்மையான அக்கறை காட்டினார்கள். இரண்டு அறை, சமையலிடம், தனிக் கழிப்பறை என்பதெல்லாம் அன்றைய பியூன் குடும்பத்துக்குச் சின்ன விஷயம் அல்ல. அக்கறையும் படிநிலையும் ஒரே தாளில் இருக்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்காதீர்கள்.

அடுத்த முறை எந்த பிளான் கையில் கிடைத்தாலும், வரவேற்பறையை விட்டுவிட்டு முதலில் பணியாளர் வாசலைத் தேடுங்கள். அங்கிருந்து அடுப்பு வரை பென்சிலால் வழிபோட்டுப் பாருங்கள். அந்த வாசலே வரையப்படவில்லை என்றால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.