மனு நிலுவையில் இருந்தால் தங்கிவிடலாமா? வாசகர் கேள்வி-பதில்

பி.ஆருக்கு, அதாவது வெளிநாட்டில் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு, மனு போட்டாச்சு, விசிட்டர் அனுமதி முடியப் போகிறது, பதில் வரும்வரை அங்கேயே இருந்துவிடலாமா? சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதைத்தான் கேட்கின்றன. நாட்டுக்கு நாடு பதில் வேறு. ஒரே நாட்டிலும் எந்த மனு என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். அதனால் தெரிந்தவர் ஒருவருக்கு நடந்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள். கீழே ஒவ்வொரு கடிதமும், அதையடுத்து என் பதிலும்.

ஏற்காட்டில் காபித் தோட்டம் இருக்கிறது. இப்போது நானும் மனைவியும் டெக்சஸில் மகள் வீட்டில் இருக்கிறோம். மகள் அமெரிக்க சிட்டிசன். எங்கள் கிரீன் கார்டுக்காக (அமெரிக்க பி.ஆர்.) ஐ-130 மனு போட்டிருக்கிறாள். விசா 2031 வரை உண்டு. தங்க அனுமதித்த ஆறு மாதம் விரைவில் முடிகிறது. இருந்துவிடலாம் என்கிறார் மருமகன். ஆனால் டிசம்பரில் பழம் பறிக்க நான் ஊருக்கு வந்தாக வேண்டும்.

ஐயா, முதலில் அந்த 2031ஐ மறந்துவிடுங்கள். விசா, அந்த நாட்டு வாசலில் போய் நின்று கேட்பதற்கான அனுமதிதான். எத்தனை நாள் தங்கலாம் என்பதை நீங்கள் இறங்கியபோது அதிகாரி முடிவு செய்தார். அது ஐ-94 என்ற பதிவில் இருக்கிறது. அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்தால் கிடைக்கும். உங்களுக்கும் மனைவிக்கும் தனித்தனிப் பதிவு. இரண்டையும் எடுத்து, எந்தத் தேதி வரை அனுமதி என்ற வரியைப் பாருங்கள். விரல்விட்டு ஆறு மாதம் எண்ண வேண்டாம்.

ஐ-130 என்பது 'இவர் என் அப்பா' என்று மகள் நிறுவும் மனு, அவ்வளவுதான். அது ஒரு நாள்கூடத் தங்க உரிமை தராது. கிரீன் கார்டு கேட்டு நீங்கள் போடும் ஐ-485 வேறு. அது நிலுவையில் இருக்கும்வரை தங்குவது சட்டவிரோத நாளாகக் கணக்கில் ஏறாது. 21 வயது நிரம்பிய சிட்டிசனின் பெற்றோருக்கு வருஷக்கணக்கான வரிசை கிடையாது என்பதால் இரண்டையும் சேர்த்தே போடலாம். முறைப்படி விசாவோடு இறங்கிய பெற்றோர் என்றால், கெடு தாண்டிவிட்டது என்பதற்காக மட்டும் ஐ-485ஐத் தள்ளுபடி செய்ய மாட்டார்கள். மருமகன் கேள்விப்பட்டது இதுவாகத்தான் இருக்கும். அவர் விட்டுவிட்டது மற்ற பாதி. கெடு முடிந்து 180 நாளுக்கு மேல் இருந்துவிட்டு வெளியேறினால் 3 வருஷம், ஒரு வருஷமோ அதற்கு மேலோ இருந்துவிட்டு வெளியேறினால் 10 வருஷம் திரும்ப நுழையத் தடை. 1996ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஒரே ஒரு நாள் தாண்டினாலும் அந்த 2031 விசா செல்லாததாகிவிடும்.

அப்புறம் தோட்டம். ஐ-485 போட்டுவிட்டு, அட்வான்ஸ் பரோல் என்ற பயண அனுமதி கைக்கு வராமல் விமானம் ஏறினால், மனுவைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். பறிப்பு தள்ளிப்போட முடியாத வேலை, பழம் செடியிலேயே காய்ந்து உதிரும். அதனால் என் யோசனை: கெடுவுக்குள் ஊருக்கு வந்துவிடுங்கள். ஐ-130 அங்கே நடக்கட்டும். அது ஒப்புதலானதும் நேர்காணலை இந்தியாவிலேயே முடித்து, குடியேறும் விசாவோடு போய் இறங்கலாம். இன்னும் சில வாரம் இருந்தே ஆக வேண்டுமென்றால் ஐ-94 தேதிக்கு முன்பே ஐ-539 படிவம் போட்டு நீட்டிப்புக் கேளுங்கள்.

இதைப் படித்துவிட்டு, விசிட்டர் விசாவில் போய் அங்கேயே ஐ-485 போட்டுக்கொள்ளலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். தங்கும் எண்ணத்தை மறைத்து நுழைந்தது தெரிந்தால் அது பொய்த் தகவல் கொடுத்த குற்றம். அதற்கான தடைக்குக் காலவரையே இல்லை.

மகனிடம் கிரீன் கார்டு இருக்கிறது. அம்மாபேட்டையில் தனியாக இருக்கிறேன். என்னை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள முடியுமா?

இப்போது முடியாதம்மா. பெற்றோருக்கு மனு போட மகன் சிட்டிசன் ஆக வேண்டும். கிரீன் கார்டு வாங்கி பொதுவாக 5 வருஷம் கழித்துதான் அதற்கே விண்ணப்பிக்கலாம். அதுவரை போய்வரலாம். ஆனால் ஆறு மாதம் முழுக்க இருந்துவிட்டு, ஊரில் சில வாரம் தங்கி மறுபடி போய் இறங்கினால் விமான நிலையத்தில் கேள்வி வரும்.

ஆத்தூரிலிருந்து கல்யாணமாகி கனடாவுக்கு விசிட்டராக வந்தேன். கணவர் பி.ஆர். நான் இங்கே இருந்தபடியே எனக்கு பி.ஆர். கேட்டு அவர் உள்நாட்டு ஸ்பான்சர்ஷிப் மனு போட்டிருக்கிறார். ஆறு மாதம் முடிந்தால் என்ன செய்வது?

முடியும் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள். நேரத்தோடு போட்டால், முடிவு வரும்வரை பழைய நிபந்தனைகளோடு சட்டப்படி இருக்கலாம். தவறவிட்டால் 90 நாளுக்குள் நிலையை மீட்டுத் தரக் கேட்கலாம். கெடு தாண்டிய வாழ்க்கைத்துணைகளுக்குக் கனடா சலுகை காட்டுவது உண்மைதான். அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். நடுவில் ஊர் விசேஷத்துக்கு வந்து, திரும்ப உள்ளே விடாவிட்டால் உள்நாட்டு மனு அடிபட்டுப்போகும். உங்கள் மாமனார், மாமியார் வருவதாக இருந்தால் பெற்றோருக்கான சூப்பர் விசா கேட்கச் சொல்லுங்கள். 2022 ஜூலை முதல் அதில் ஒருமுறை போனால் 5 வருஷம் வரை தங்கலாம்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன். சிங்கப்பூரில் பி.ஆர். கேட்டிருக்கிறேன். விசிட் பாஸ் முடிகிறது. பத்து நாள் கூட இருந்தால் தப்பா?

தப்பு. மனு நிலுவையில் இருப்பது அங்கே தங்கும் உரிமை தராது. கெடு தாண்டுவதே குற்றம். 90 நாளைத் தாண்டினால் ஆண்களுக்குச் சிறையோடு பிரம்படியும் சட்டத்தில் உண்டு. நீட்டிப்புக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் கிளம்பி வந்துவிடுங்கள். பி.ஆர். பதில் ஊருக்கே வரும்.

பேரனுக்கு அமெரிக்க பாஸ்போர்ட். இ-டூரிஸ்ட் விசாவில் வந்து ஃபேர்லண்ட்ஸில் எங்களோடு இருக்கிறான். ஓசிஐ என்ற வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறோம். 180 நாள் நெருங்குகிறது.

குழந்தைக்கும் அதே சட்டம்தான். அமெரிக்கக் குடிமக்கள் இந்த விசாவில் தொடர்ந்து 180 நாளுக்கு மேல் இருக்க முடியாது. ஓசிஐ மனு அந்தக் கணக்கை நிறுத்தாது. இந்த விசாவைச் சாதாரணமாக நீட்டிக்கவோ வேறு விசாவாக மாற்றவோ மாட்டார்கள். 180ஆம் நாளுக்குள் அவனை அனுப்பிவைத்து, ஓசிஐ கைக்கு வந்ததும் அழைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையம் வழியே தெரிவிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. அதைச் செய்தீர்களா என்றும் பாருங்கள். ஒருவேளை தேதி தாண்டிவிட்டால் நேரே விமான நிலையத்துக்குப் போகாதீர்கள். வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையதளத்தில் வெளியேறும் அனுமதி கேட்டு, அபராதம் கட்டி, அனுமதி கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள். எல்லாம் இணையத்திலேயே நடக்கும். கூப்பிட்டால் மட்டும் சென்னை அலுவலகத்துக்குப் போனால் போதும்.