தெர்மாகோல் அச்சுச் சுவர்: மேற்கு வெயிலுக்கும் சாலை இரைச்சலுக்கும்

வணக்கம். மேற்குச் சுவரில் மாலைவரை வெயில் விழுவதாலும் சாலை இரைச்சல் ஓயாததாலும், செங்கல்லை விட்டுத் தெர்மாகோல் அச்சுக்குள் கான்கிரீட் ஊற்றிச் சுவர் எழுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் இரண்டு தொல்லைகளுக்கும் அது பொருத்தமான முறைதான்.

இருபுறமும் ஏறத்தாழ 6 செ.மீ. தெர்மாகோல் நுரைப்பலகை, நடுவே கம்பி கட்டிய 15 செ.மீ. கான்கிரீட் என்பது வழக்கமான அமைப்பு. சென்ட்ரிங் பலகையைப் போல இதைக் கழற்றுவதில்லை. நுரை அப்படியே சுவரோடு தங்கி வெளி வெப்பத்தைத் தடுக்கிறது, கான்கிரீட்டின் எடையோ ஒலியை மட்டுப்படுத்துகிறது. ஆனால் சன்னலில் ஒற்றைக் கண்ணாடி போட்டால் இரைச்சல் அவ்வழியே வந்துவிடும். கூரைக்குக் காப்பு இல்லையென்றால் வெயிலும் மேலிருந்து இறங்கும்.

கவனமெல்லாம் ஊற்றும் நாளில்தான் வேண்டும். முழு உயரத்துக்கும் ஒரேயடியாக ஊற்றினால் அடியிலுள்ள பலகை பிதுங்கும், சில வேளை பிளந்தே போகும். ஆகவே வீட்டைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு மீட்டராக ஏற்றி, குறிப்பாகச் சன்னல் சட்டத்துக்கு அடியில், கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரைப் பொறுமையாக இறக்கச் சொல்லுங்கள். கான்கிரீட்டுக்குள் பொள்ளல் (வெற்றிடம்) விழுந்தால் நுரை அதை மறைத்துவிடும், பிறகு கண்ணுக்கே தெரியாது.

மின்குழாய்க்கான பள்ளத்தை நுரையில் பின்னர் வெட்டிக்கொள்ளலாம். சுவரைக் கடந்து செல்லும் தண்ணீர்க் குழாய்க்கான உறையை மட்டும் ஊற்றுமுன்பே வைத்துவிடுங்கள். நுரை தீயில் உருகும் என்பதால் உட்புறத்தில் ஜிப்சம் பலகையைத் தவிர்க்க வேண்டாம்.