நிலைத்த வேளாண்மை, பாதுகாப்பான உணவு என்று நடக்கும் ஆராய்ச்சியால் வயலில் உண்மையிலேயே ஏதாவது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. ஆனால் "மாநாடு, அறிக்கை தவிர வேறென்ன வந்தது?" என்று நீங்கள் கேட்டிருப்பதில் உள்ள சலிப்பும் எனக்குப் புரிகிறது. அதனால் பொதுவாகப் பேசாமல், எனக்கு நெருக்கமாகத் தெரிந்த ஒரே ஒரு நச்சை வைத்துப் பதில் சொல்கிறேன். தானியங்களையும் எண்ணெய் வித்துகளையும் சோதிக்கும் ஆய்வகத்தில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். அதில் பெரும்பகுதி அஃப்ளாடாக்சின் என்ற இந்த நச்சோடுதான் போயிருக்கிறது.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. என்ன நோய் என்று பிடிபடாததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றே பெயர் வைத்தார்கள். தேடிப் போனதில் கிருமி எதுவும் அகப்படவில்லை. தீவனத்தில் கலந்திருந்த கடலைப் புண்ணாக்கு, பிரேசிலிலிருந்து வந்தது, அதில்தான் விஷயம் இருந்தது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை அந்தக் கடலையில் வளர்ந்து ஒரு நச்சை விட்டுப் போயிருந்தது. பூஞ்சையின் பெயரையே சுருக்கி நச்சுக்கும் வைத்தார்கள்.

இந்த நச்சுக்கு மணம் கிடையாது, நிறம் தெரியாது. வறுத்தால், வேக வைத்தால் ஓரளவு குறையலாம், ஒழியாது. அதிகமாக உடம்புக்குள் போனால் கல்லீரல் செயலிழந்து ஆளையே கொல்லும். 2004-ல் கென்யாவில் கெட்டுப்போன மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட 317 பேர் நோயில் விழுந்தார்கள், அவர்களில் 125 பேர் பிழைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடம் போனால் கல்லீரல் புற்றுநோய். ஹெபடைடிஸ் பி இருப்பவருக்கு அந்த ஆபத்து பல மடங்கு கூடும். மாடு இதைத் தின்றால் பாலில் எம்1 என்ற வேறு வடிவில் இறங்குகிறது.

சரி, சோதித்துப் பார்த்து நல்லதை மட்டும் விற்றால் போதாதா? நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். ஒரு லோடு நிலக்கடலைப் பருப்பிலிருந்து அரை கிலோ மாதிரி வந்தது. சோதித்தேன், அளவு வரம்புக்குள் இருந்தது, சான்று கொடுத்தோம். வாங்கியவர் வேறு இடத்தில் சோதித்துப் பார்த்தபோது வரம்பைப் போலப் பல மடங்கு வந்தது. கருவியில் கோளாறோ என்று இரண்டு நாள் தூக்கம் இல்லை. கருவி சரியாகத்தான் இருந்தது. பிறகு அதே சரக்கில் சாக்குக்குச் சாக்கு கொஞ்சமாக எடுத்து 20 கிலோ சேர்த்தோம். அரைப்பதற்கு முன் ஒரு பங்கைத் தட்டில் கொட்டி ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பருப்பு வெளியே பார்க்க லேசாகச் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். பிளந்ததும் இரண்டு பாதிக்கும் நடுவில் இருந்த குழிவில் மஞ்சளும் பச்சையும் கலந்த பொடி. விரலில் பூசிக்கொள்ளும் அளவுக்கு இருந்தது. பக்கத்தில் இருந்த பருப்புகள் எல்லாம் பால் வெள்ளை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பல நாடுகளில் வரம்பு ஒரு கிலோவுக்கு மைக்ரோகிராம் அளவில்தான் இருக்கும், அமெரிக்காவில் 20. அதாவது ஒரு டன்னுக்கு 20 மில்லிகிராம். ஆனால் தனி ஒரு நிலக்கடலைப் பருப்பில் கிலோவுக்கு 10 லட்சம் மைக்ரோகிராமுக்கு மேல் கணக்கிட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட அரை கிராம் பருப்பு ஒன்றே ஒன்று, 25 கிலோவை அந்த 20-க்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். 25 கிலோவில் ஏறக்குறைய 50,000 பருப்பு. நான் சோதித்த அரை கிலோவில் 1,000 பருப்பு. நூறு தடவை அள்ளினால் 98 தடவை அந்தக் கெட்ட பருப்பு சாக்கிலேயே தங்கிவிடும். நான் கொடுத்த சான்று பொய் இல்லை, அந்த அரை கிலோவுக்கு அது உண்மை. மீதிச் சரக்கைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. உணவு பாதுகாப்பாவது வயலிலும் களத்திலும்தான். ஆய்வகத்துக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், நாங்கள் எண்ணிச் சொல்லத்தான் முடியும். அதனால் எந்த ஆராய்ச்சி உருப்படியானது என்று யாராவது கேட்டால், அது அறுவடைக்கு முன்னால் போய் நிற்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அந்த வகையில் என் மனதுக்குப் பிடித்த வேலை ஒன்று உண்டு. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் மண்ணில் இருக்கும் பூஞ்சை, அதை அடியோடு ஒழிக்க முடியாது. ஆனால் அதே பூஞ்சையில் நச்சு உண்டாக்கவே தெரியாத வகைகளும் இயற்கையில் இருக்கின்றன. நச்சு தயாரிக்கும் மரபணுக்கள் அவற்றில் பழுதாகியோ தொலைந்தோ போயிருக்கும். அமெரிக்க வேளாண் துறையில் பீட்டர் காட்டி என்ற ஆய்வாளர் இந்த நல்ல வகையை முன்கூட்டியே வயலில் இறக்கிவிட்டால் என்ன என்று பார்த்தார். இடத்தை அது பிடித்துக்கொண்டால் கெட்டதுக்கு வளர இடம் இருக்காது. ஏஎஃப்36 என்ற அந்த வகைக்கு 2003-ல் அரிசோனா, டெக்சாஸ் பருத்தி வயல்களில் போட அனுமதி கிடைத்தது. பருத்திக்கு ஏன் என்று தோன்றும். பருத்திக்கொட்டை மாட்டுத் தீவனம், அங்கிருந்து பாலுக்கு ஒரு எட்டுதான்.

பிறகு நைஜீரியாவின் இபாதானில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம் இதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனது. ரணஜித் பந்தோபாத்யாய் தலைமையில் அந்தந்த நாட்டு மண்ணிலேயே நச்சில்லாத வகைகளைத் தேடி எடுத்தார்கள். வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து விடவில்லை, இது முக்கியம். அஃப்ளாசேஃப் என்று பெயர். முளைக்காதபடி உயிர் போக்கிய சோளமணிகளின் மேல் பூஞ்சை வித்துகளைப் பூசி, சாப்பாட்டுத் தானியம் என்று யாரும் நினைத்துவிடாதபடி நீலச் சாயம் ஏற்றியிருப்பார்கள். மக்காச்சோளம் பூ எடுப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால், எக்டேருக்கு 10 கிலோ, கையால் வீசினால் போதும். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். ஈரத்தை வாங்கிச் சில நாளில் சோளமணி பச்சை வெல்வெட் போர்த்தியது போல ஆகிவிடும், அதுதான் வேலை ஆரம்பித்ததற்கு அடையாளம். காய்ந்த மண்ணில் வீசினால் எறும்புக்கும் பறவைக்கும்தான் போகும். முறையாகப் போட்ட வயல்களில் நச்சு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்ததைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். இன்னொரு நன்மை, கதிரோடு கிடங்குக்குப் போவதும் அந்த நல்ல வகைதான். கிடங்கில் ஈரம் ஏறினாலும் முதலில் அதுதான் கிளம்பும்.

இதில் ஒரு சங்கடம் மட்டும் தீரவில்லை. பூச்சி மருந்து அடித்தால் பூச்சி சாவது கண்ணுக்குத் தெரியும். இதைப் போட்டவர் கதிரும் போடாதவர் கதிரும் பார்க்க ஒன்றுதான், எடையும் ஒன்றுதான், விலையும் ஒன்றுதான் என்றால் எந்த விவசாயி கைக்காசு செலவழித்துப் போடுவார்? நச்சு குறைந்த சரக்குக்குக் கூடுதல் விலை கொடுக்க வாங்குபவர் முன்வராத வரை இது மெதுவாகத்தான் பரவும். குறை விவசாயியிடம் இல்லை.

அப்புறம் வறட்சி. பலர் பூஞ்சை என்றால் மழை, ஈரம் என்று நினைப்பார்கள். கிடங்கில் அது சரி. வயலில் நேர்மாறு. நிலக்கடலை முற்றும் கடைசி நான்கைந்து வாரம் மழை பொய்த்து, காய் இருக்கும் மண் 28 முதல் 31 டிகிரி வரை சூடாகி நின்றால் அதுதான் இந்தப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பருப்புக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே சுரக்கும் பொருள்கள் உண்டு, ஆனால் பருப்பில் நீர் குறையக் குறைய அந்தச் சுரப்பு நின்றுவிடும். பூஞ்சையோ அந்த வறட்சியிலும் வளரும். அதனால் கடைசி மாதத்தில் கொடுக்கும் ஒரு தண்ணீர், விளைச்சலுக்கு மட்டுமில்லாமல் சாப்பிடுகிறவரின் கல்லீரலுக்கும் போகிறது. வெயில் ஏற ஏற இந்தச் சிக்கல் புதிய இடங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 2003 கோடையில் வட இத்தாலி மக்காச்சோளத்தில் வந்தது. 2012 வறட்சிக்குப் பிறகு செர்பியாவில் பால் வரைக்கும் வந்து பெரிய பிரச்சினை ஆனது. இரண்டும் இதற்கு முன் பெரிதாகப் பயப்படாத இடங்கள்.

அறுவடைக்குப் பிறகு எல்லாம் உலர்த்துவதில்தான் இருக்கிறது. இங்கே ஆராய்ச்சி தந்ததில் மிக எளிமையானவைதான் அதிகம் பயன்படுகின்றன. மக்காச்சோளம் காய்ந்ததா என்று கருவி இல்லாமல் பார்க்க ஒரு வழி: நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மக்காச்சோளத்தைப் போட்டு, வெயிலில் காய வைத்த தூள் உப்பு இரண்டு மூன்று கரண்டி சேர்த்து, மூடிக் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், இன்னும் காய வேண்டும். ஒட்டாமல் அடியில் உதிர்ந்து கிடந்தால் அந்த அளவுக்குக் கீழே வந்துவிட்டது. நான் கருவியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். நம்பலாம். நீண்ட நாள் வைப்பதற்கு இன்னும் இரண்டு நாள் வெயில் காட்டுங்கள், 13 சதவீதம் வரை இறங்கட்டும். நிலக்கடலைப் பருப்புக்கு அதுவும் அதிகம், 7 அல்லது 8 வேண்டும்.

காற்றுப் புகாத மூன்று அடுக்குப் பையும் அப்படித்தான். 1980-களின் கடைசியில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தின் லாரி மர்டாக் குழு கேமரூனில் தட்டைப்பயற்றில் விழும் வண்டுக்காக இதில் இறங்கியது. உள்ளே இரண்டு தடித்த பிளாஸ்டிக் பை, வெளியே சாதாரணச் சாக்கு. உள்ளே இருக்கும் வண்டுகளே மூச்சுவிட்டு ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், அப்புறம் தின்னவோ பெருகவோ முடியாது. மருந்து ஒரு சொட்டு வேண்டாம். ஈரத் தானியத்தை மட்டும் இதில் கட்டிவிடாதீர்கள், வெளியேற வழியில்லாமல் உள்ளேயே கெட்டுவிடும்.

இதெல்லாம் சின்ன விஷயமாகத் தோன்றினால், 2005-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் கினியாவில் 20 கிராமங்கள். 10 கிராமங்களில் நிலக்கடலையைக் கையால் பொறுக்கிச் சொத்தையை நீக்குவது, தரையில் போடாமல் பாயில் உலர்த்துவது, பிளாஸ்டிக் சாக்குக்குப் பதில் சணல் போன்ற நார்ச் சாக்கு, அதையும் தரையில் படாமல் மரப்பலகை மேல் அடுக்குவது, பெரும்பாலும் இவைதான் கூடுதலாகச் செய்தார்கள். ஐந்து மாதம் கழித்து அங்கிருந்தவர்களின் ரத்தத்தில் இந்த நச்சின் அடையாளம் மற்ற 10 கிராமங்களில் இருந்ததைவிடப் பாதிக்கும் கீழே இருந்தது. பாயும் பலகையும் செய்த வேலை இது. படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது, கூடவே கோபமும் வருகிறது, இது ஏன் எல்லா ஊரிலும் நடக்கவில்லை என்று.

மரபணு வழியில் நச்சை அடக்கும் நிலக்கடலை, நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் எல்லாம் நல்ல அறிவியல்தான். பிரிக்கும் இயந்திரத்தில் மட்டும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: தள்ளிய பருப்பு எங்கே போகிறது? ஐரோப்பாவில் நேரடியாகச் சாப்பிடும் நிலக்கடலைக்கு வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். அங்கே திருப்பி அனுப்பப்பட்ட சரக்கு காற்றில் கரைந்துவிடாது. கண்காணிப்பு குறைந்த சந்தையில், விலை குறைத்து, நல்லது வாங்க வழியில்லாதவர் தட்டுக்கோ மாட்டின் தொட்டிக்கோ வந்து சேரும் அபாயம் எப்போதும் இருக்கிறது. தள்ளுபடி சரக்கை என்ன செய்வது என்பதற்கும் ஆராய்ச்சிப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் போகிற கூட்டத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டளவில் கேட்டால், சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் பருப்பைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். வீணாகிறதே என்று ஆட்டுக்கோ கோழிக்கோ போடாதீர்கள்.

என் மேசைக்கு இப்போதும் அரை கிலோ மாதிரிகள் வருகின்றன. அந்தப் பையைப் பிரிப்பதற்கு முன்னால் கொண்டுவந்தவரிடம் கேட்பேன்: கடைசி மழை எப்போது பெய்தது, பிடுங்கிப் போட்டு எத்தனை நாளில் காய்ந்தது, எதன் மேல் காய வைத்தார்கள், எத்தனை சாக்கிலிருந்து அள்ளினீர்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் மாதிரியைத் திருப்பிக் கொடுத்து, 20 கிலோவோடு வரச் சொல்லிவிடுகிறேன்.