கட்டாயப் பயிற்சி முகாமுக்குப் போய், உண்மையிலேயே சந்தோஷப்பட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நான் இருக்கிறேன்.

கேள்வி கேட்டவருக்கு நுவரெலியாவில் மூன்று நாள் தங்கிப் பயிற்சி என்று கடிதம் வந்திருக்கிறதாம், மருத்துவச் சான்றிதழ் கொடுத்துத் தப்பிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். அந்த வரியைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். 2019இல் நானும் அதே சான்றிதழுக்காக ஹட்டனில் ஒரு டொக்டரின் வாசலில் நம்பர் எடுத்துக் காத்திருந்தவள். என் முறை வருவதற்குள் கடைசி பஸ் போய்விடும் என்று எழுந்து வந்துவிட்டேன். அந்த பஸ்ஸுக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு கீழே வந்து சண்டை பிடிக்காதீர்கள். ஆட்களைக் கட்டாயப்படுத்துவது சரி என்று நான் சொல்லவில்லை. பால்குடிப் பிள்ளை வைத்திருப்பவளையும் சுகமில்லாத அப்பாவைப் பார்த்துக்கொள்பவனையும் "வராவிட்டால் சம்பள உயர்வில் தெரியும்" என்று மிரட்டுவது அநியாயம்தான். கம்பெனிக்கு வால் பிடிக்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள், நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்தே மூன்று வருடமாகிவிட்டது. எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் ஒரு நிதிக் கம்பெனியின் ஹட்டன் கிளையில் ஒன்பது வருடம் காசாளராக இருந்தேன். அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. முகாம் 28ஆம் திகதி திங்கட்கிழமை தொடங்குகிறது, இடம் தியத்தலாவைப் பக்கம். தேயிலைத் தோட்டத்தில் தீபாவளி எப்படி என்று மலையகத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முற்பணம் வாங்கி, அது மாதாமாதம் சம்பளத்தில் கழிபட்டு முடிய அடுத்த தீபாவளி வந்துவிடும். அப்படிக் கொண்டாடுகிற ஒரு நாளுக்கு மறுநாள், சொந்தக்காரர்கள் வந்து போகிற நாளில், நான்கு வயதுப் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு ரயில் ஏற வேண்டும். திகதி போட்டவர்களுக்கு அது ஒரு சாதாரண திங்கட்கிழமை, அவ்வளவுதான்.

ரயிலில் நானுஓயா வரை யாரோடும் பேசவில்லை. பட்டிப்பொலதான் நாட்டிலேயே உயரமான ஸ்டேஷன், கிட்டத்தட்ட 1,890 மீற்றர். அதைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்தால் வேறு ஒரு ஊர் மாதிரி வெளிச்சமும் காற்றும் மாறிவிடும். அந்த இடத்தில்தான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். அதற்கு மேல் எதையும் ரசிக்கிற மனநிலையில் நான் இல்லை.

போனதும் ஒரு படிவம் கொடுத்தார்கள். வீட்டு இலக்கம், வீதி, நகரம் என்று கட்டங்கள். நான் வழக்கம்போல ஹட்டன் டவுனில் மாமாவின் கடை முகவரியை எழுதினேன். இது கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளுக்கு முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் போட்டால் கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போகும், அங்கே கட்டோடு கிடக்கும், யாராவது மனம் வைத்து எடுத்துக் கொடுத்தால்தான் நம் கைக்கு வரும். எனக்கு முதன்முதலாக ஓர் அரசாங்க வேலைக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம் அப்படித்தான், பரீட்சை நடந்து நான்கு நாள் கழித்து என் கைக்கு வந்தது. உறையின் மேல் தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம் இருந்தது. வேலை போனதைவிட அந்த வட்டம்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சொந்த ஊர் எது என்று யார் கேட்டாலும் "ஹட்டன்" என்று மட்டும் சொல்ல நான் பழகியது அதற்குப் பிறகுதான். ஒன்பது வருடத்தில் கிளையில் ஒருவருக்கும் என் அம்மா கொழுந்து பறிக்கிறார் என்று தெரியாது.

சரி, முகாமுக்கு வருகிறேன். முதல் நாள் போய்ச் சேர்ந்ததிலிருந்து வகுப்பு, எல்லாம் சிங்களத்தில், கையில் கொடுத்த தாள்கள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். மாலையில் பயிற்றுநர் (இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர்) புல்மலைகளைக் காட்டி, 1900இல் தென்னாபிரிக்கப் போரில் பிடித்த போயர் கைதிகளை ஆங்கிலேயர் கப்பலில் கொண்டுவந்து ஆயிரக்கணக்கில் அடைத்த முகாம் இங்கேதான் இருந்தது என்று சொன்னார். ஆர்வமாகத்தான் கேட்டேன். ஆனால் அதே ஆங்கிலேயர் காலத்தில் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்து வந்தவர்களைப் பற்றி, 1823இலிருந்து கணக்கு வைத்து இருநூறு வருடம் என்று 2023இல் நினைவுகூர்ந்தோமே, அந்த ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. சுற்றியிருந்த தேயிலை தானாக முளைத்த மாதிரி இருந்தது அந்தப் பேச்சு.

இரண்டாம் நாள்தான் விஷயமே. எட்டு எட்டுப் பேராகப் பிரித்து, கையில் ஒரு வரைபடமும் திசைகாட்டியும் கொடுத்து, ஐந்து இடங்களைத் தேடிப் போய் அடையாளம் குறித்துக்கொண்டு ஐந்து மணிக்குள் முகாமுக்குத் திரும்ப வேண்டும் என்றார்கள். எங்கள் குழுவுக்குத் தலைவர் கொழும்புக் கிளை முகாமையாளர், சிங்களவர். என்னைத் தவிரத் தமிழ் பேசுகிறவர் மட்டக்களப்புக் கிளைத் தம்பி ஒருவர் மட்டும். முதல் நாள் இரவு நல்ல மழை, அதனால் இரத்தம் உறிஞ்சும் அட்டை. புறப்படும்போதே நான் சன்லைட் சவர்க்காரக் கட்டியை நனைத்துக் காலிலும் மேஸிலும் (காலுறையிலும்) நுரை காயும்படி தேய்த்துக்கொண்டேன், அம்மா மலைக்குப் போகுமுன் செய்வது அதுதான். தம்பி பார்த்துவிட்டு "அக்கா, எனக்கும் தாங்க" என்று வாங்கித் தேய்த்தான். மற்றவர்கள் தேய்க்கவில்லை. பதினொரு மணிக்குள் ஆறு பேரும் சப்பாத்தைக் கழற்றி அட்டை பிடுங்கிக்கொண்டு இருந்தார்கள். அப்புறம் அந்தக் கட்டி கை மாறிக் கை மாறிப் பாதியாகக் கரைந்துபோனது.

மூன்று மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது. அப்புத்தளைப் பக்கம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், பத்து நிமிடத்தில் முன்னால் நிற்பவரின் முதுகுகூடத் தெரியாது. நாங்கள் ஒரு தேயிலை மலையின் நடுவில். போனுக்குச் சிக்னல் இல்லை. முகாமையாளர் வரைபடத்தை இப்படித் திருப்புகிறார், அப்படித் திருப்புகிறார், ஆனால் நாம் நிற்கிற இடம் எது என்று தெரிந்தால்தானே வரைபடம் உதவும். குழுவில் இருந்த ஒரு பெண்பிள்ளை அழத் தொடங்கிவிட்டாள்.

நான் குனிந்து பார்த்தேன். என் காலடியில் கான், தண்ணீர் ஓடுகிற வாய்க்கால்.

தேயிலை மலையில் சும்மா ஒரு கான் வெட்டமாட்டார்கள். சரிவுக்குக் குறுக்காக, மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாதபடி, லேசான வாட்டத்தில் வெட்டுவார்கள். அது போய்ப் பெரிய கானில் விழும், பெரிய கான் நேரே இறங்கி ஓடையில் சேரும், ஓடை எங்காவது ஒரு போக்குக்குள் (பாதைக்கு அடியில் போகிற மதகுக்குள்) நுழைந்தால் அதன் மேலே லொறிப் பாதை இருக்கும். அப்பா உயிரோடு இருந்தவரை கான் வெட்டியவர், அவருக்குச் சோறு கொண்டு போய்க் கொடுத்தபோது பார்த்துப் படித்தது. நாங்கள் நின்ற மலை புதிதாகக் கவ்வாத்து வெட்டியது, அதாவது செடியின் கிளைகளைத் தறித்தது, வெறும் குச்சிகள். அங்கே ஆட்கள் வரமாட்டார்கள். பெரிய கானுக்கு அந்தப் பக்கம் மட்டம் கலையாத தேயிலை. அன்றைக்குப் பறித்த மலை என்று கையை வைத்தாலே தெரிந்தது. கொழுந்து பறித்திருந்தால் நிறுக்க ஒரு மடுவம், அதாவது நிறுவைக் கொட்டகை, பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "என் பின்னால் வாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். முகாமையாளர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். "யமு நங்கி" (போவோம் தங்கச்சி) என்று சொல்லி வரைபடத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். எட்டுப் பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கான் ஓரமாகவே இறங்கினோம்.

நாற்பது நிமிடத்தில் லொறிப் பாதை, அதில் கொஞ்சம் நடந்தால் மடுவம். அந்தி நிறுவை நடக்கிறது, இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். பழக்கதோஷம், என் கண் நேரே தராசு முள்ளுக்குத்தான் போனது. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஆளுக்கு இரண்டு மூன்று கிலோ கழிக்கிறார்கள், இங்கேயும் அதேதான். அன்றைக்கு அடிப்படை நாட்சம்பளமே 700 ரூபாய். கிலோ குறைந்தால் அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான், அதில் கை வைக்க எப்படித்தான் மனம் வருகிறதோ.

ஒரு வயதான அம்மா எங்களைப் பார்த்துவிட்டுப் போத்தலில் இருந்த சாயத் தண்ணியை மூடியில் ஊற்றி முதலில் அழுத பிள்ளைக்குக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ எந்தத் தோட்டத்துப் புள்ள?" என்று கேட்டார். நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. எப்படித் தெரிந்தது என்று இன்றைக்கும் தெரியாது. தோட்டத்தின் பெயரைச் சொன்னேன், டிவிஷனைச் சொன்னேன், பணிய (கீழ்) லயம் என்றும் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கும்படியாகவே. தம்பி அதை முகாமையாளருக்குச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்ததும் கேட்டது. வெட்கம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

கடைசி நாள் காலை, நேற்று என்ன நடந்தது என்று ஒவ்வொரு குழுவும் முன்னால் வந்து சொல்ல வேண்டும். எங்கள் முகாமையாளர் எழுந்து, "நான் பேசப் போவதில்லை, வழி கண்டுபிடித்தவரே சொல்லட்டும், தமிழிலேயே சொல்லட்டும்" என்றார். தம்பி மொழிபெயர்த்தான். கரும்பலகையில் ஒரு மலை கீறி, கானை எந்த வாட்டத்தில் வெட்டுவார்கள், ஏன் என்று இருபது நிமிடம் சொன்னேன். அந்தப் பயிற்றுநர் புத்தகத்தை எடுத்துக் குறித்துக்கொண்டார். ஒன்பது வருடத்தில் அந்தக் கம்பெனிக் கூட்டம் ஒன்றில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு முகாம் ஏன் பிடித்தது என்று கேட்டால் அந்த இருபது நிமிடம்தான், மற்றபடி சாப்பாடு சுமார், படுக்கை ஈரம். சும்மா எல்லாம் அருமை என்று பொய் சொல்ல மாட்டேன்.

திரும்பும் முன் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கி, மாமாவின் கடை முகவரியை வெட்டிவிட்டுத் தோட்டத்து முகவரியை எழுதினேன். பயிற்சிச் சான்றிதழ் அங்கேதான் வந்தது. பதினாறு நாள் ஆபீசில் கிடந்த பிறகு, அம்மா கொழுந்துப் பைக்குள் வைத்து மடங்காமல் கொண்டுவந்தார்.

உங்களுக்குப் பிள்ளையோ வேறு கஷ்டமோ இருந்தால் மருத்துவச் சான்றிதழ் எடுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. வெறும் அலுப்பு என்றால் போய்ப் பாருங்கள். நுவரெலியாவில் இரவுக் குளிர் கடுமை, இரண்டு சோடி மேஸ் கூடுதலாக எடுங்கள், ஒரு சவர்க்காரக் கட்டியும். காட்டுப் பக்கம் நடக்கவிடுவார்கள் என்றால் புறப்படுமுன் நனைத்துத் தேயுங்கள், அட்டை ஏறிய பிறகு தேய்த்துப் பிரயோசனமில்லை.