ஆங்கிலத்துக்காகப் பள்ளி மாற்ற வேண்டாம், அம்மா

வணக்கம் அம்மா. ஐந்தாம் ஆண்டு படிக்கும் மகனுக்கு ஆங்கிலம் வரவில்லை, தமிழ்ப்பள்ளியிலிருந்து எடுத்துத் தேசியப் பள்ளியில் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அம்மா. அங்கேயும் ஆங்கிலம் ஒரு பாடம்தான். மற்ற பாடங்கள் பெரும்பாலும் மலாயில்தான் நடக்கும். இன்னும் ஒன்றரை வருடத்தில் இடைநிலைப்பள்ளிக்குப் போகப்போகிற பிள்ளையை இப்போது இடம் மாற்றினால், புது இடத்துக்குப் பழகுவதிலேயே ஒரு வருடம் போய்விடும்.

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராய் போன்ற தோட்டப்புற ஊரில் பிள்ளைகள் காதில் ஆங்கிலம் விழுவதே குறைவு. வீட்டில் தமிழ், கடையில் மலாய். ஆங்கிலம் பயிற்சிப் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது. வாயில் வராததற்குக் காரணம் இதுதான், அவன் மந்தம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021-இலும், இடைநிலைப்பள்ளி மூன்றாம் ஆண்டுத் தேர்வான பி.டி.3 2022-இலும் நின்றுவிட்டன. அதனால் பல பெற்றோருக்குப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான் என்று இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். வரைக்கும் தெரிவதில்லை. எஸ்.பி.எம். ஆங்கிலமோ 2021 தேர்வு தொடங்கி மாறிவிட்டது. வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்று நான்கு தாள்கள். பேச்சுத் தாளில் இரண்டு மாணவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, ஒரு விஷயத்தைத் தங்களுக்குள் பேசி முடிவு செய்ய வேண்டும். எழுத்துத் தாளின் முதல் கேள்வி, வந்த மின்னஞ்சலுக்குச் சுமார் 80 சொற்களில் பதில் எழுதுவது. கட்டுரையை மனப்பாடம் செய்து தப்பிக்கிற வழி இதில் இல்லை.

வேலையிலும் இதே கதைதான். பக்கத்திலேயே கூலிம் ஹைடெக் பார்க் என்ற தொழிற்பேட்டை 1996-இலிருந்து இயங்குகிறது. டெக்னீஷியன் வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் மெஷினை நன்றாகவே கையாளுவார்கள். ஆனால் நேர்முகத்தில் "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றதும் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார்கள். திறமை இருந்தும் சொல்ல முடியாமல் திரும்பி வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுக்கவில்லை. அதனால்தான் பத்து, பதினொரு வயதிலேயே தொடங்குங்கள் என்று வருகிற பெற்றோரிடமெல்லாம் சொல்கிறேன்.

இனி, வீட்டில் செய்ய வேண்டியது. உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று தயங்க வேண்டாம். வீட்டில் இருக்கிற மைலோ டின்னை அவன் கையில் கொடுங்கள். மலாயும் ஆங்கிலமும் அதில் இருக்கும். "ஒரு கப்புக்கு எத்தனை கரண்டி போடச் சொல்லியிருக்கு? திறந்தபிறகு எப்படி வைக்கணும்? எப்போ காலாவதி ஆகும்?" என்று தமிழில் கேளுங்கள். அவன் ஆங்கில வரியைத் தேடி வாசித்துத் தமிழில் பதில் சொல்லட்டும். தெரியாத சொல் வந்தால் பக்கத்திலுள்ள மலாய் வரியைப் பார்த்துக்கொள்வான். அடுத்த நாள் அரிசிப் பை, அதற்கடுத்து ரைஸ் குக்கர் கையேடு. மருந்துப் பெட்டியையும் வாசிக்கச் சொல்லலாம், ஆனால் அளவைப் பெரியவர்கள்தான் சரிபார்க்க வேண்டும். தேவையான தகவலைத் தேடி எடுக்கிற இந்தப் பழக்கம்தான் வாசிப்புத் தாளுக்கும் வேண்டும்.

பேச்சுக்கு உங்கள் கைபேசியே போதும். இரவில் அன்று நடந்ததை ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் பேசிப் பதிவு செய்யட்டும். கேட்க ஆள் இருந்தால் பிள்ளைக்கு ஆசை வரும், அதனால் அக்காவுக்கோ மாமாவுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். அவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: யாரும் சிரிக்கக் கூடாது, பாதியில் நிறுத்தித் திருத்தவும் கூடாது. "ஐ கோ யெஸ்டர்டே" என்று சொன்னால், "ஓ, யூ வெண்ட் யெஸ்டர்டே?" என்று சரியாகத் திருப்பிக் கேட்டாலே போதும். நாலு பேர் முன்னால் சிரித்துவிட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்வான். அதை மறுபடியும் திறக்க வைப்பது பெரும்பாடு.

டியூசனில் சேர்ப்பதானால் சேர்த்துவிடுங்கள். சேர்க்கும் முன் ஒரு வகுப்பை வெளியிலிருந்து கவனியுங்கள். ஒரு மணி நேரமும் ஆசிரியர் குரல் மட்டுமே கேட்டால் அந்தக் காசு வீண்.

தமிழை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். தமிழில் ஒரு கதையைக் கோவையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் சொற்கள் சேரச் சேர அதே கோவை கைகொடுக்கும். அப்புறம் இன்னொன்றையும் கவனியுங்கள். அவன் தமிழ் வாசிக்கும்போதும் எழுத்துக்கூட்டித் திணறுகிறானா? அப்படியானால் பிரச்சினை ஆங்கிலம் இல்லை, வாசிப்பே அவனுக்குச் சிரமமாக இருக்கலாம். வகுப்பாசிரியரிடம் உடனே சொல்லுங்கள், கண்ணையும் காதையும் கிளினிக்கில் பரிசோதியுங்கள்.

அடுத்த பெற்றோர் சந்திப்பில் ஆங்கில ஆசிரியரைப் பாருங்கள். வகுப்பறை மதிப்பீட்டில் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து ஒவ்வொன்றிலும் ஆறு நிலைகளில் எதில் இருக்கிறான் என்று தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு அவனையும் அழைத்து வாருங்கள். எதிலிருந்து தொடங்கலாம் என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம்.