"வன்னி" எண்டு பேர் வச்ச பேஜ்

வணக்கம் அண்ணை,

போன தேர்தல் நேரம் தொடங்கி அப்பா போனும் கையும்தான். "வன்னி" எண்டு பேர் வச்ச ஒரு பேஸ்புக் பேஜில வாறதெல்லாம் அவருக்கு வேதவாக்கு, ஒருத்தரும் வோட் போடப் போகக்கூடாதெண்டு வீட்டில சண்டை. அதை நடத்திறது வெளிநாட்டு ஆக்கள் எண்டு தம்பி சொல்லுறான். உதுகளை அரசாங்கம் தடை செய்தால் என்ன?

ஒரு வாசகி, புதுக்குடியிருப்பு

தங்கச்சி,

தடைக் கதையை விடுங்கோ. 2018 மார்ச்சில கண்டிப் பக்கம் திகனையில முஸ்லிம் சனத்துக்கு எதிரா நடந்த கலவரத்தோட பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாத்தையும் மூடினவை, பெடியள் எந்த நாட்டில இருக்கிறம் எண்டதை மறைக்கிற விபிஎன் போட்டு உள்ளுக்க போயிட்டாங்கள். அந்த நேரம் வெறுப்பை எழுதினது வெளியாக்களே? இந்த நாட்டுச் சனம்தான், சிங்களத்திலதான், பேஸ்புக் கம்பனி கவனிக்காமல் விட்டிட்டு 2020 இல மன்னிப்புக் கேட்டது. இணையத்தில எழுதிறதைக் கட்டுப்படுத்தவெண்டு 2024 இல வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில எது பொய் எண்டு சொல்லுறது ஜனாதிபதி நியமிக்கிற ஒரு ஆணைக்குழு. நினைவேந்தல் படம் போட்டதுக்கே பெடியளைப் பிடிச்ச இடம் எங்கட இடம், இதில நாங்களே போய்த் தடை கேக்கிறதோ?

வெளிநாட்டில இருக்கிற எங்கட சனம் அரசியல் கதைக்கிறதும் எனக்குப் பிழையாத் தெரியேல்ல. காணியும் உறவும் இங்க விட்டிட்டுப் போனவை, கதைக்கத்தான் செய்வினம். ஆனா ரொறன்ரோவில இருந்தா ரொறன்ரோவில இருந்து எண்டு சொல்லிக் கதைக்கோணும், முல்லைத்தீவுச் சந்தியில நிக்கிற மாதிரி எழுதக்கூடாது. என்ர கோவம் அதிலதான்.

இந்த வேலையைப் பெரிசாச் செய்து காட்டினது ரஸ்யாவில சென் பீற்றர்ஸ்பேர்க்கில இருந்த ஒரு கம்பனி. 2016 மே 21, அமெரிக்காவில ஹியூஸ்ரன் நகரம், ஒரு இஸ்லாமிய நிலையத்துக்கு முன்னால ரோட்டுக்கு அந்தப் பக்கம் இஸ்லாத்துக்கு எதிரான கூட்டம், இந்தப் பக்கம் அதுக்கு ஆதரவான கூட்டம், ரெண்டு பக்கமும் நிண்டு கத்தினது உண்மையான சனம். ரெண்டையும் கூப்பிட்ட பேஜ் ரெண்டு, ஒண்டு ரெக்சாஸ்காரர் மாதிரி, மற்றது முஸ்லிம்கள் மாதிரி, நடத்தினது ரெண்டையும் அந்த ஒரே கம்பனி! விளம்பரத்துக்குச் செலவு 200 டொலர் அளவிலதானாம். ஆனா அந்தக் கோவத்தை ரஸ்யாக்காரன் கொண்டுவந்து இறக்கேல்ல, அது ஏற்கனவே அங்க கிடந்தது, அவன் ஊதிவிட்டான். எங்களிட்ட என்ன கோவத்துக்குப் பஞ்சமே, காணாமல் ஆக்கப்பட்டவை, ஆமி விடாத காணி, குருந்தூர்மலை விகாரைப் பிரச்சினை, எதைத் தட்டினாலும் பத்தும்.

உப்பிடியான பேஜுகளில கனக்க அரசியலே இல்லை, வியூஸ் வந்தால் காசு, அவ்வளவுதான்.

உங்கட அப்பாவுக்கு வருவம். வோட் போடாதேங்கோ எண்டுறது ஒரு அரசியல் நிலைப்பாடு, 2024 ஜனாதிபதித் தேர்தலிலயும் ஒரு தமிழ்க் கட்சி அதை மேடையேறி முகம் காட்டித்தான் சொன்னது. எனக்கு உடன்பாடில்லை, 2005 ஜனாதிபதித் தேர்தலில வன்னி வோட் போடாமல் இருந்து என்ன வந்ததெண்டு அப்பாவுக்கே தெரியும், அப்ப எங்களிட்ட பேஸ்புக்கும் இல்லை. ஆனா சொன்னது ஆர் எண்டு தெரிஞ்சால் சண்டை பிடிக்கலாம், கேள்வி கேக்கலாம். பேர் இல்லாத பேஜிட்ட என்னத்தைக் கேக்கிறது?

அவற்ற போனிலயே அந்தப் பேஜைத் திறந்து எபௌட்டுக்க போய் பேஜ் ட்ரான்ஸ்பரன்சியைக் காட்டுங்கோ. எப்ப தொடங்கினது, முந்தி என்ன பேர், கன பேஜுக்கு நடத்திற ஆக்கள் எந்த நாட்டில எண்டும் கிடக்கும். விபிஎன்னால ஏமாத்தலாம்தான், எண்டாலும் கனபேர் அந்தளவுக்கு மினக்கெடுறேல்ல. வாட்ஸ்அப்பில வாற வொய்ஸ்கட்டுக்கு இந்த வழியும் இல்லை, ரெட்டை அம்புக்குறி இருந்தால் கன கை மாறி வந்தது எண்டு மட்டும் தெரியும். எல்லாத்தையும் பாத்த பிறகும் அப்பா போகமாட்டன் எண்டால் விடுங்கோ, நீங்களும் தம்பியும் போய்ப் போடுங்கோ.